கொலைகாரர் வெளியே இல்லை: குடும்ப வீட்டு மர்மக் கதைகள் நம்மை ஏன் இழுக்கின்றன?

திகில் கதை, பேய் பங்களா கதை, போலீஸ் கதை, தொடர் கொலைகாரனைத் துரத்தும் கதை எல்லாவற்றுக்கும் ‘மர்டர் மிஸ்டரி’ என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். அதனால் ஒரு குடும்பம், ஒரு வீடு, ஒரு பிணம் என்று தொடங்கும் பழைய பாணி மர்மக் கதைகளின் மேல் சம்பந்தமில்லாத பழியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்கிறது. ரத்தம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் படிப்பது என்பார்கள். வெறும் புதிர், வேறொன்றும் இல்லை என்பார்கள். கடைசியில் எப்படியும் வேலைக்காரன்தான் செய்திருப்பான் என்று சிரிப்பார்கள்.

இந்தக் கதைகளில் ரத்தம் மிகக் குறைவு. கொலை பெரும்பாலும் நம் கண்ணில் படாமலே நடந்து முடிந்துவிடும். பல சமயம் விஷம்தான் ஆயுதம். புதிர் உண்டு. ஆனால் புதிர் மட்டும்தான் என்றால், விடை தெரிந்த பிறகும் அதே புத்தகத்தை எடுத்து மறுபடி படிக்கிறவர்கள் இத்தனை பேர் இருக்க மாட்டார்கள். என் கட்சி இதுதான்: ஒரு குடும்பம் வருடக்கணக்காகப் பேசாமல் மூடி வைத்ததை எல்லாம் பேசியே ஆக வேண்டும் என்ற நிலைக்கு அந்தக் கொலை தள்ளிவிடுகிறது. நாம் உட்கார்ந்து படிப்பது அந்தப் பேச்சுக்காக. அது எப்படி நடக்கிறது என்று படிப்படியாகப் பார்ப்போம். எந்தக் கதையின் முடிவையும் சொல்லப் போவதில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

பஸ்ஸில் போன சங்கிலி, பீரோவில் போன சங்கிலி

கூட்டமான பஸ்ஸில் கழுத்துச் சங்கிலி போய்விட்டால் வயிறு எரியும். போலீசில் புகார் கொடுப்போம். எடுத்தவன் யாரோ, இனி அவனைப் பார்க்கப் போவதில்லை. கொஞ்ச நாளில் மனசு ஆறிவிடும்.

அதே சங்கிலி வீட்டுப் பீரோவிலிருந்து காணாமல் போகட்டும். சாவி எங்கே இருக்கும் என்பது வீட்டில் ஐந்து பேருக்குத்தான் தெரியும். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் நேற்று மதியம் சின்ன மருமகள் மாடிக்குப் போய் வந்ததும், போன வாரம் மைத்துனர் கடன் கேட்டுக் கிடைக்காமல் திரும்பியதும், பெரியவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாததும் திடீரென்று அர்த்தமுள்ள விஷயங்களாகிவிடுகின்றன. எடுக்காதவருக்கும் தொண்டையில் சோறு இறங்காது. ஏனென்றால் எடுத்தவர் யார் என்று தெரியும்வரை அவரும் சந்தேகத்துக்குள்தான் இருக்கிறார்.

குடும்ப வீட்டு மர்மக் கதையின் அடித்தளம் இதுதான். குற்றம் நடந்த இடத்துக்குள் அந்த நேரத்தில் வந்து போகக்கூடியவர்கள் இன்னார் இன்னார்தான் என்று முன்கூட்டியே வரையறுத்துவிடுவதை ‘மூடிய வட்டம்’ என்பார்கள். தீவு, ரயில், பனியில் சிக்கிய விடுதி என்று எங்கே வேண்டுமானாலும் இந்த வட்டத்தைப் போடலாம். ஆனால் ரயிலில் இருப்பவர்கள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போய்விடலாம். குடும்பத்தை விட்டு அப்படி இறங்க முடியாது.

1860: நிஜமாகவே நடந்த ஒரு வீடு

கதைகளுக்கு முன்னால் ஒரு உண்மை வழக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் வில்ட்ஷர், சாமர்செட் எல்லையை ஒட்டிய ரோட் என்ற கிராமத்தில் ரோட் ஹில் ஹவுஸ் என்று ஒரு பெரிய வீடு. தொழிற்சாலை ஆய்வாளரான சாமுவேல் கென்ட், அவருடைய இரண்டாவது மனைவி, முதல் மனைவியின் பிள்ளைகள் நான்கு பேர், இரண்டாவது மனைவியின் பிள்ளைகள் மூன்று பேர், வீட்டோடு தங்கியிருந்த வேலைக்காரப் பெண்கள் மூன்று பேர் என்று 1860 ஜூன் 29 இரவு அங்கே 12 பேர் படுத்திருந்தார்கள். விடிந்தபோது ‘சாவில்’ என்ற பெயருடைய மூன்று வயதுச் சிறுவன் தன் தொட்டில் கட்டிலில் இல்லை. தோட்டத்தில் இருந்த கழிப்பறைக்குள் கழுத்து அறுபட்ட நிலையில் உடல் கிடைத்தது. கதவுகள் இரவே பூட்டப்பட்டிருந்தன. கூடத்து ஜன்னல் ஒன்று மட்டும் திறந்திருந்தது. வெளியாள் வந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை.

உள்ளூர் போலீசால் முடியவில்லை என்று லண்டனிலிருந்து ஜொனதன் விச்சர் என்ற துப்பறியும் அதிகாரியை அனுப்பினார்கள். லண்டன் காவல்துறையின் துப்பறியும் பிரிவு 1842இல்தான் தொடங்கியிருந்தது. முதல் அணியிலேயே சேர்ந்தவர் அவர். விச்சர் தேடியது கத்தியை அல்ல, ஒரு இரவு உடுப்பை. முதல் மனைவியின் 16 வயது மகள் கான்ஸ்டன்ஸுக்கு மூன்று இரவு உடுப்புகள் இருந்திருக்க வேண்டும், ஒன்று இல்லை. சலவைக்குப் போட்ட இடத்தில் தொலைந்துவிட்டது என்றாள். விச்சர் நம்பவில்லை. அவளைக் கைது செய்தார். சாட்சியம் போதாது என்று நீதிபதிகள் விட்டுவிட்டார்கள்.

பத்திரிகைகள் விச்சரைக் கிழித்தன. கவனிக்க வேண்டியது அவர்கள் கோபப்பட்ட காரணத்தை. சாதாரணக் குடும்பத்தில் பிறந்த ஒரு போலீஸ்காரர், மரியாதையான வீட்டுக்குள் புகுந்து, ஒரு பெண்ணின் துணிமணியை எண்ணிப் பார்க்கலாமா என்பதுதான் அன்றைய அதிர்ச்சி. அழுக்குத் துணிக் கூடை, படுக்கையறைக் கதவு, இரண்டாம் மனைவிக்கும் முதல் மனைவியின் பிள்ளைகளுக்கும் இடையில் இருந்த கசப்பு எல்லாம் நாடு முழுக்கப் பேச்சானது. ஊரே அதைக் கண்டித்தது, ஊரே அதை விடாமல் படித்தது.

1865இல் கான்ஸ்டன்ஸ் தானே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 20 வருடம் சிறையில் இருந்தாள். பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போய் செவிலியராக வேலை பார்த்து, 1944இல் தன் 100ஆவது வயதில் இறந்தாள்.

அதற்கிடையில் 1868இல் வில்கி காலின்ஸ் எழுதிய ‘தி மூன்ஸ்டோன்’ நாவல் வந்துவிட்டது. 1799 ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையில் கொள்ளை போன ஒரு வைரம், யார்க்ஷரில் ஒரு குடும்ப வீட்டிலிருந்து காணாமல் போகிறது. புதிதாக வண்ணம் பூசிய கதவில் ஒரு சின்னத் தீற்றல். அற்ப விஷயம் என்று உள்ளூர் அதிகாரி தள்ளிவிடுகிறார். லண்டனிலிருந்து வரும் கஃப் என்ற துப்பறிவாளர் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்: பூச்சு காய எவ்வளவு நேரம் ஆகும், அதற்குள் அந்தப் பக்கம் போனது யார், யாருடைய துணியில் கறை இருக்கிறது? சலவைக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்கிறார். விச்சர் தோற்ற இடத்திலிருந்தே ஒரு கதை வடிவம் முளைத்துவிட்டது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். வட்டம் மூடியிருக்கிறது, உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், சாட்சியமாக மாறுவது சலவைத் துணி மாதிரி அன்றாடப் பொருள்.

324 சாத்தியங்கள்

வட்டம் ஏன் சின்னதாக இருக்க வேண்டும்? பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஆந்தனி பிராட் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ‘குளூடோ’ என்ற பலகை விளையாட்டை உருவாக்கினார். 1944இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1949இல் கடைக்கு வந்தது. ஒரு மாளிகை, அதில் ஒன்பது அறைகள், ஆறு சந்தேக நபர்கள், ஆறு ஆயுதங்கள். யார், எதனால், எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். பெருக்கிப் பார்த்தால் மொத்தம் 324 விடைகள் சாத்தியம். இன்னார் இல்லை என்று ஒருவரை நீக்கிவிட்டால் 54 சாத்தியங்கள் ஒரே அடியில் போய்விடும்.

வாசகர் மனசுக்குள் செய்வதும் இதே கழித்தல்தான். அதற்கு உதவுவது அலிபி. குற்றம் நடந்த நேரத்தில் ஒருவர் வேறு இடத்தில் இருந்தார் என்று காட்டும் ஆதாரத்துக்குப் பெயர் அலிபி. நகரத்தில் லட்சம் பேருக்கு அலிபி பார்ப்பது போலீஸ் வேலை. எட்டு பேருக்குப் பார்ப்பதை நாமே செய்யலாம். நம்மால் முடியும் என்ற அந்த நம்பிக்கைதான் நம்மைக் கதைக்குள் இழுத்து உட்கார வைக்கிறது.

உயில்: நோக்கம் வரும் வழி

ஆள் யார் யார் என்று தெரிந்துவிட்டது. ஏன் கொல்ல வேண்டும்? இந்தக் கதைகளில் அடிக்கடி வக்கீல் வருவதும், உயில் மாற்றி எழுதப்படுவதும், பழைய உயில் கிழிக்கப்படுவதும் எழுத்தாளர்களின் சோம்பல் என்று நினைப்பவர்கள் உண்டு. அதற்குப் பின்னால் நிஜமான சட்டம் இருந்தது.

இங்கிலாந்தில் 1938 வரை சொத்துக்காரர் ஒருவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் காசு கூட வைக்காமல், மொத்தத்தையும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்க முடிந்தது. அந்த ஆண்டு வந்த சட்டம்தான், கைவிடப்பட்ட மனைவியும் ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளும் நீதிமன்றம் போய்ப் பங்கு கேட்க வழி செய்தது. அதுவரை, ஒரு பெரியவரின் கோபமோ புதுக் காதலோ ஒரு முழுக் குடும்பத்தையும் தெருவில் நிறுத்தியிருக்கலாம். நாற்பது வயது மகன்கள் அப்பாவின் முகம் பார்த்துப் பேசிக்கொண்டு அவர் வீட்டிலேயே கிடப்பதும், மாமியாருக்கு முன்னால் எல்லோரும் நல்லவர்களாக நடிப்பதும் இதனால்தான். அந்த நடிப்பே பாதிக் கதை.

இன்னொரு விதியும் சேர்ந்துகொள்கிறது. கொன்றவருக்குக் கொல்லப்பட்டவரின் சொத்து போகக்கூடாது. 1889இல் லிவர்பூலில் கணவர் ஜேம்ஸ் மேப்ரிக்கை ஆர்சனிக் கொடுத்துக் கொன்றதாக ஃபுளோரன்ஸ் மேப்ரிக்குக்குத் தண்டனை கிடைத்தது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. கணவரின் இன்சூரன்ஸ் பணம் அவளுக்குச் சேராது என்று 1892இல் நீதிமன்றம் சொன்னது. நம் நாட்டிலும் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இதையே சொல்கிறது. ஆக, சொத்துக்காகக் கொல்பவர் ஓடிப் போகவே முடியாது. ஓடினால் மாட்டிக்கொள்வார், மாட்டினால் சொத்து போச்சு. அவர் அதே வீட்டில், அதே சாப்பாட்டு மேசையில், துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தே ஆக வேண்டும். கொலைகாரரையும் நம்மையும் ஒரே அறையில் கட்டிப் போடுவது இந்த விதிதான்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயமே துப்பு

இந்த வடிவத்தை உச்சத்துக்குக் கொண்டுபோன அகதா கிறிஸ்டி, முதல் உலகப் போரின்போது தன் ஊரான டார்கியில் மருத்துவமனையின் மருந்துப் பிரிவில் வேலை பார்த்தவர். விஷங்களைப் பற்றி அங்கே கற்றுக்கொண்டார். 1920இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலில், ஸ்டைல்ஸ் என்ற வீட்டின் எஜமானி விஷத்தால் சாகிறாள். அவள் அறையில் எரிந்து போன ஒரு காகிதத் துண்டு கிடைக்கிறது. விஷயம் காகிதம் மட்டுமல்ல: கோடை வெயில் கொளுத்திய நாளில் அந்த அறைக் கணப்பில் தீ எதற்கு? மிரட்டல் கடிதம் வேண்டாம், ரத்தக் கறை வேண்டாம். வழக்கத்துக்கு மாறான ஒரே ஒரு காரியம் போதும்.

வழக்கம் உள்ள இடத்தில்தான் வழக்கம் மீறியது கண்ணில் படும். எத்தனை மணிக்குச் சாப்பாட்டு மணி அடிக்கும், யார் காபிக்குச் சர்க்கரை போடாமல் குடிப்பார், எந்தப் படிக்கட்டு கிறீச்சிடும் என்பதெல்லாம் ஒரு குடும்பத்துக்குத் தெரிந்த அளவு போலீசுக்குத் தெரியாது. வெளியிலிருந்து வரும் துப்பறிவாளர் அதையெல்லாம் ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கேட்கும்போதுதான் மற்றதும் வெளியே வருகிறது.

1949இல் வந்த கிறிஸ்டியின் ‘குரூக்ட் ஹவுஸ்’ நாவலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அரிஸ்டைட் லியோனிடிஸ் என்ற பணக்காரக் கிழவர், இன்றைய துருக்கியில் உள்ள ஸ்மிர்னாவிலிருந்து இங்கிலாந்து வந்து செழித்தவர், ஒரே வீட்டில் எல்லோரையும் வைத்திருக்கிறார்: இரண்டு மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், இறந்துபோன முதல் மனைவியின் அக்கா, தன்னைவிட மிக இளையவளான இரண்டாவது மனைவி பிரெண்டா. அவருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் இன்சுலின் ஊசி போடுவது பிரெண்டா. ஒரு நாள் இன்சுலின் சீசாவில் இன்சுலின் இல்லை. அவருடைய கண் சொட்டு மருந்து இருக்கிறது. ஊசி போடுகிறாள், அவர் சாகிறார். இது கதையின் தொடக்கத்திலேயே நமக்குத் தெரிந்துவிடும்.

சரி, அந்தச் சொட்டு மருந்து ஊசியாகப் போனால் உயிர் போகும் என்று யாருக்குத் தெரியும்? எல்லோருக்கும் தெரியும். குடும்பமே சுற்றி உட்கார்ந்திருந்தபோது கிழவரே தன் வாயால் விளக்கியிருக்கிறார். இந்த ஒரு விஷயத்தால் கிறிஸ்டி மொத்த வீட்டையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறார். அறிவு எல்லோருக்கும், வாய்ப்பு எல்லோருக்கும்.

அப்புறம் நடப்பதுதான் இந்த வகைக் கதையின் உயிர். குடும்பத்தில் யாரும் உண்மை என்னவென்று தேடவில்லை. பிரெண்டாதான் செய்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அவள் வெளியிலிருந்து வந்தவள். அவளாக இருந்துவிட்டால் ‘நம்ம ஆள்’ யாரும் இல்லை என்று ஆகிவிடும். பேத்தி சோஃபியா மட்டும், உண்மை தெரியும்வரை நான் கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன் என்று தன் காதலனிடம் சொல்லிவிடுகிறாள். ஏனென்றால் தன் குடும்பத்தில் யாரோ ஒருவர் கொன்றிருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும், யாரென்று தெரியாது. வெளியிலிருந்து வந்த பெண்ணின் மேல் பழி சேரட்டும் என்று ஒரு வீடே மௌனமாக ஒத்துப்போவதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய கதைகள் குறைவு. இது எந்தப் புதிரைவிடவும் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இந்தப் பகுதியில் பார்த்தது: வீட்டு வழக்கமே தடயம், விசாரணை என்ற பெயரில் உறவுகளின் கணக்கு வெளியே வருகிறது.

வாசகரோடு போட்ட ஒப்பந்தம்

கடைசி அத்தியாயத்தில் எங்கிருந்தோ ஒரு இரட்டைப் பிறவியைக் கொண்டுவந்து இவன்தான் கொலைகாரன் என்றால் நமக்குக் கோபம் வரும் இல்லையா? அந்தக் கோபத்துக்குச் சட்டம் போட்டார்கள். துப்பறிவாளருக்குக் கிடைத்த துப்பு எல்லாம் வாசகருக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பதற்கு ‘நேர்மை விதி’ என்று பெயர். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் பத்துக் கட்டளைகள் எழுதினார்: குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்துவிட வேண்டும், அமானுஷ்யம் கூடாது, ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது என்று போகும். 1930இல் லண்டனில் ‘டிடெக்‌ஷன் கிளப்’ தொடங்கியபோது, முக்கியமான துப்பை வாசகரிடமிருந்து மறைக்க மாட்டோம் என்று எழுத்தாளர்கள் சத்தியம் செய்துதான் உறுப்பினரானார்கள். முதல் தலைவர் ஜி.கே. செஸ்டர்டன்.

மறைக்கக் கூடாது, ஆனால் திசை திருப்பலாம். உண்மையான துப்பிலிருந்து கவனத்தை இழுக்க வைக்கப்படும் போலிச் சுவடுதான் ‘பொய்த்தடம்’. குடும்ப வீட்டில் பொய்த்தடத்துக்குப் பஞ்சமே இல்லை. எல்லோரிடமும் மறைக்க ஏதாவது இருக்கும்: கடன், கள்ள உறவு, திருடிய கொஞ்சம் பணம், இன்னொருவரைக் காப்பாற்றச் சொன்ன பொய். கொலை செய்தவர் ஒருவர்தான், பொய் சொல்கிறவர்கள் எட்டு பேர். அந்த எட்டுப் பொய்களும் அவிழும்போது நமக்கு எட்டு மனிதர்கள் கிடைக்கிறார்கள்.

வேலைக்காரன்தான் செய்திருப்பான் என்ற பேச்சுக்கு வருவோம். அமெரிக்க எழுத்தாளர் எஸ்.எஸ். வான் டைன் 1928இல் எழுதிய 20 விதிகளில் ஒன்று, வேலைக்காரரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்பதே. அது மிகச் சுலபமான முடிவு என்று அன்றைக்கே கருதினார்கள். அதில் ஒரு குறையும் ஒளிந்திருக்கிறது. இந்தக் கதைகள் பலவற்றில் சமையல்காரியும் பணிப்பெண்ணும் நேரம் சொல்லும் கடிகாரங்களாக மட்டும் வந்து போகிறார்கள். அவர்களுக்கு ஒரு மனசு, ஒரு கோபம் இருக்கும் என்று எழுத்தாளர் நினைத்துப் பார்ப்பதில்லை. இன்று படிக்கும்போது அது உறுத்துகிறது, உறுத்தவும் வேண்டும்.

வேறு வீடுகளில்

இது ஆங்கில மாளிகைக்கு மட்டும் உரிய சங்கதி என்று சொல்வதும் தவறு. ஜப்பானில் செய்ஷி யோகோமிசோ 1946இல் எழுதத் தொடங்கிய, கிண்டாய்ச்சி என்ற துப்பறிவாளர் வரும் கதைகளில் வீடு காகிதக் கதவும் மர வராந்தாவுமாக இருக்கும், ஆனால் வட்டம் அதேதான். ‘இனுகாமி குடும்பம்’ நாவலில் பட்டுத் தொழிலில் சம்பாதித்த ஒரு பெரியவர் செத்த பிறகு உயில் வாசிக்கப்படுகிறது. மூன்று மகள்களுக்கும் தாய் வேறு வேறு; ஒவ்வொருவருக்கும் ஒரு மகன். சொத்து போவதோ தாமாயோ என்ற வெளிப் பெண்ணுக்கு, அதுவும் அந்த மூன்று பேரன்களில் ஒருவரைக் கட்டிக்கொண்டால். அந்த உயிலைக் கேட்டதும் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தமிழில் எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வந்த ‘அந்த நாள்’ இதற்கு மிகக் கிட்டே வருகிறது. 1943இல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த சமயம். ரேடியோ இன்ஜினியர் ராஜன் தன் வீட்டிலேயே சுடப்பட்டுக் கிடக்கிறான். மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரும் தங்கள் சந்தேகத்தைச் சொல்லச் சொல்ல, செத்தவன் எப்படிப்பட்டவன் என்பது மாறிக்கொண்டே போகிறது. பாட்டு ஒன்று கூடக் கிடையாது. அன்றைக்கு அது எவ்வளவு பெரிய துணிச்சல்!

புதிதாகப் படிக்கப் போகிறவர்களுக்கு

‘குரூக்ட் ஹவுஸ்’ நல்ல தொடக்கம்; பல கதைகளில் தொடர்ந்து வரும் துப்பறிவாளர் யாரும் அதில் இல்லை, முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். பின்னட்டையையும் இணைய விமர்சனத்தையும் பார்க்காமல் எடுங்கள். ஒரு தாளில் குடும்ப மரத்தை வரைந்துகொள்ளுங்கள். யார் வீட்டின் எந்தப் பகுதியில் குடியிருக்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். கொலைகாரரை ஊகிப்பதைவிட, ஒவ்வொருவரும் யாரைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டே போங்கள். விடை கைக்கு எட்டாவிட்டாலும் அந்தத் தாள் நிறைந்திருக்கும், இரண்டாவது முறை படிக்கும்போது அதுதான் உதவும்.